தண்ணீர் போகிற பக்கம்

இங்கே சூரியன் தாமதமாகத்தான் வருகிறது. வெளிச்சம் முதலில் வந்துவிடும். சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். மலை கிழக்கே இருக்கிறது. சூரியன் அதில் ஏறித் தாண்டி வந்தால்தான் நம் முற்றத்தில் வெயில் விழும். எங்கள் ஊர் தென்காசியில் இப்படி இல்லை. காலையில் கதவைத் திறந்தால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். சாயந்தரம் மேற்கே இருக்கிற மலை அதை வாங்கிக்கொள்ளும். மற்ற ஊர்களுக்கு முன்னால் நமக்கு நிழல் வந்துவிடும். மலாயாவில் இந்தத் தைப்பிங்குக்கு வந்து தலை நரைத்துவிட்டது. இன்னும் வாசலுக்கு வந்ததும் என் கண் மேற்கே போகிறது. அங்கே தென்னைகளும், அதற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கடலும்தான். தொழுகைக்கு மேற்கே பார்த்து நிற்கும்போதும் இந்த நினைப்பு வரும். ஊரில் மலையைப் பார்த்து நிற்போம். இங்கே மலைக்கு முதுகைக் காட்டி நிற்கிறோம்.

மழையும் வேறு. குற்றாலத்துச் சாரலுக்குச் சத்தம் கிடையாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து வரும். வேட்டி நனைந்ததா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே மத்தியானம் கழிந்தால் வானம் கறுத்து, மூட்டையை அவிழ்த்துக் கொட்டினது போல நேராக விழும். பக்கத்தில் நின்று பேசினால் காது கேட்காது. விழுந்த இடத்தில் மண்ணைப் பறிக்கும். அதனால் இங்கே வீட்டைச் சுற்றி சிமிட்டிப் பாளம் பதிப்பார்கள். ஒரு கட்டில் அகலத்துக்குப் பாளம் பாளமாக வார்த்து, வீட்டுக்கு இடுப்புத்துணி கட்டினது போலச் சுற்றிலும் போட்டிருப்பார்கள். புதிதில் பார்க்க நன்றாக இருக்கும். சில வருஷத்தில் அடியில் இருக்கிற மண்ணை மழை தின்றுவிடும். பாளம் ஒரு பக்கம் தாழும், ஒரு பக்கம் நிமிரும். வீட்டைச் சுற்றி நடந்தால் ஏறி இறங்கி நடக்க வேண்டும். யுத்தத்துக்கு முந்தி நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீடும் அப்படித்தான் ஆயிற்று.

தாழ்ந்த தளத்தைத் தூக்குவது எனக்குப் புதிய வேலை இல்லை. நாங்கள் நெசவுக்காரர்கள். எங்கள் தறி குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். ஆனி, ஆடியில் முற்றத்தில் தண்ணீர் நின்றால் குழியில் ஊறும். குழி ஊறினால் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. முதல் சாரலுக்கு ஊரே சந்தோஷப்படும்போது எங்கள் அத்தா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவார். "மேக்க இருந்து வருது, கெழக்க போயிரணும். நடுவுல நம்ம வீட்டுல தங்கப்புடாது" என்பார். ஆறும் அங்கே கிழக்கே பார்த்துத்தான் ஓடுகிறது. தென்காசிக்காரன் தண்ணீரைக் கிழக்கே விடுவதற்கு யோசிக்க மாட்டான். சோற்றை வலது கையால் எடுக்க யோசிப்பானா?

நூல் கிடைக்காத வருஷங்களில் நானும் செய்யதுவும் குற்றாலத்துக்குக் கூலிக்குப் போவோம். செய்யது பிற்பாடு என் மனைவியின் அண்ணன் ஆனவன். அப்போது கூட்டாளி. சீசன் தொடங்குமுன் பெரிய மனிதர்களின் பங்களா முற்றங்களில் கல் தளம் சரி செய்வார்கள். போன வருஷத்து மழையில் தாழ்ந்த கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, அடியில் சல்லியும் மணலும் கொடுத்து, தண்ணீர் ஓடும்படி வாட்டம் பார்த்து இறக்குவோம். மலைக்காற்று குளிர்ந்து வரும். பலாப்பழ வாசனை வரும். தூரத்தில் அருவிச் சத்தம் மட்டும் இருக்காது. சீசனுக்கு முன் அருவி வெறும் பாறைதான். செய்யது வாட்டம் பார்க்கிறேன் என்று கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்துவிடுவான். மேஸ்திரி வருவார்.

"ஏலே, வேலைக்கு வந்தியா, ஒறங்க வந்தியா?"

"வாட்டம் பாக்கேன் அண்ணாச்சி."

"கண்ண மூடிக்கிட்டா பாக்க?"

"ஒரு கண்ணுதான் மூடியிருக்கு அண்ணாச்சி. மத்தது அசதியில தானா சொருகிருச்சு."

மேஸ்திரியே சிரித்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பையும், ஈரம் ஏறாத கல்லின் சூட்டையும் நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

நானும் செய்யதுவும் ஒன்றாகக் கப்பல் ஏறினோம். அவனுக்கு ரயில்வேயில் வேலை. எனக்கு ரோட்டு வேலை. ஆண்கள் மட்டும் கிடக்கும் கொட்டகையில் பல வருஷம் இருந்தேன். காய்ச்சல் வந்தால் தண்ணீர் தர அங்கே ஆள் உண்டு. எப்படி இருக்கிறது என்று கேட்க ஆள் கிடையாது. பிறகு மனைவி மைமூனை அழைத்து வந்தேன். அந்தப் பலகை வீட்டைப் பிடித்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் இங்கே மசாலை அரைத்து விற்பார்கள். மிளகாய், மஞ்சள், மல்லி எல்லாம் அம்மியில் அரைத்து, உருட்டி இலையில் வைத்தால் காலைச் சந்தையில் மலாய்க்காரர்களும் சீனர்களும் வாங்குவார்கள். மைமூனும் அதைச் செய்தாள். அடுப்படிக்கு வெளியே உள்ள பாளத்தில்தான் அவளுடைய அம்மி. அந்தப் பாளம்தான் முதலில் தாழ்ந்தது.

அவள் ஒருச்சாய்ந்து உட்கார்ந்து அரைத்தாள். இடுப்பு வலிக்கிறது என்றாள். நான் அம்மிக்கு அடியில் ஓட்டுத்துண்டு வைத்தேன். ஒரு நாள் ஓடு நழுவி, அம்மி சரிந்து, குழவி உருண்டு அவள் காலில் விழுந்தது. பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. அன்றைக்குச் சாயந்தரம் காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"அண்ணன் ஊருக்குப் போகுதுல்லா. நானும் கூடப் போறேன்."

"காலு ஆறட்டும்."

"காலுக்காகச் சொல்லல. இந்த ஊருல ஒக்காருததுக்கே எடம் நேரா இல்ல."

வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. மழைச் சத்தத்துக்குப் பயப்படுவாள். செய்யது அடுத்த மாதக் கப்பலில் ஊருக்குப் போய், கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாக இருந்தான். மைமூன் தன் டிரங்குப் பெட்டியை எடுத்துக் கயிறு போட்டுக் கட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போனால் எனக்குத் திரும்பக் கொட்டகைதான். பாளத்தைத் தூக்கி நேராக்குகிறேன் என்று மட்டும் சொன்னேன். "தூக்குங்க" என்றாள்.

லீவு நாளில் செய்யது இரண்டு கடப்பாரையோடு வந்தான். வந்ததும் தங்கையைச் சீண்டினான்.

"ஏட்டி, பெட்டியில அம்மிய வைக்க எடம் இருக்கா?"

"அம்மி இங்கனயே கெடக்கட்டும். ஒன் மச்சான் அரைப்பாரு."

"அவரு அரைச்சா மொளகாய்க்குக் கண்ணுல தண்ணி வரும்."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். நாங்கள் வேலையைத் தொடங்கினோம். கடப்பாரை நுனியால் தட்டிப் பார்த்தால் பாளத்துக்கு அடியில் பானை போலச் சத்தம் கேட்டது. உள்ளே மண்ணே இல்லை. கல் என்றால் வலித்தால் சத்தம் கொடுக்கும். சிமிட்டி சொல்லாமல் உடையும். அதனால் ஒரு மூலையை ஒரேயடியாகத் தூக்கக் கூடாது. அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி மரக்கட்டை கொடுத்தோம். சந்து வழியாகச் சல்லியைத் தள்ளிக் கம்பால் இடித்தோம். ஈயச் சுரங்கத்தில் கழித்துப் போட்ட வெள்ளை மணல் இங்கே மலை மலையாகக் கிடக்கும். அதைக் கொட்டித் தண்ணீர் விட்டால் உப்புப் போல உள்ளே இறங்கி இறுகும். பிறகு கட்டையை உருவி, பாளத்தை இறக்கி, சந்தில் சிமிட்டிப்பால் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு பாளத்தையும் ஒரு விரல் கனம் சாய்த்து இறக்கினோம். எந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேர் கையும் ஒரே பக்கம்தான் போயிற்று.

பக்கத்து வீட்டில் ஒரு சீனக் கிழவர். வாத்து வளர்த்தார். நாங்கள் அப்பெக் என்று கூப்பிடுவோம், வயசாளிச் சீனரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் வேலியோரம் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு கையில் இருந்த புகைக்குழாயால் மலையைக் காட்டினார். அப்படியே கடல் பக்கம் காட்டினார். "ஆயர் சானா, சானா" என்றார். தண்ணீர் அந்தப் பக்கம் என்று அர்த்தம். எங்களுக்கும் அந்த அளவு மலாய் தெரியும்.

"மலையில மழை எறங்கிருச்சுன்னு சொல்லுதாரு. வெரசா முடி மச்சான்" என்றான் செய்யது. அப்பெக்குக்குத் தலையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டு இன்னும் வேகமாக வேலை செய்தோம். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாத்துகளை அடைக்கப் போய்விட்டார்.

மழை வழக்கமான நேரத்துக்கு வந்தது. நாங்கள் அடுப்படியில் நின்று எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாளத்தில் விழுந்த தண்ணீர் அழகாக வழிந்து கிழக்கே போயிற்று. மலையடியிலிருந்து இறங்கின தண்ணீர் கிழக்கே இருந்து வந்தது. இரண்டும் அடுப்படி வாசலில் சந்தித்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகைக் கதவுக்கு அடியில் புகுந்து உள்ளே வந்துவிட்டது. மிளகாய் மூட்டை நனைந்தது. விறகு மிதந்தது. நான் சட்டியாலும் செய்யது குண்டானாலும் இறைத்துக் கொட்டினோம். கொட்டின தண்ணீர் எங்களுக்கு முன்னால் உள்ளே வந்தது.

மைமூன் புண்ணான காலை ஒரு பெட்டி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாளத்தைப் பார்த்தாள். வெளியே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"மலை எங்க இருக்கு?"

நாங்கள் இரண்டு பேரும் கையில் சட்டியோடு திரும்பி மேற்கே பார்த்தோம்.

அவள் சிரித்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் முடியவில்லை. "ரெண்டு பேருமா சேந்து குத்தாலத்துக்கு வாட்டம் விட்டிருக்கிய" என்றாள்.

செய்யது சட்டென்று கிழக்கே திரும்பி, மழைக்குள் கறுப்பாக நின்ற மலையைப் பார்த்தான். "நாம இன்னும் கப்பல விட்டு எறங்கல போலிருக்கு மச்சான்" என்றான். இறைப்பதை விட்டுவிட்டு நானும் சிரித்தேன். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மூன்று பேரும் சிரித்தோம்.

அடுத்த லீவில் எல்லாப் பாளத்தையும் திரும்பத் தூக்கினோம். இந்தத் தடவை மைமூன் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். பாளத்தை இறக்கும் ஒவ்வொரு தடவையும் செம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் ஒசத்துங்க. ஆங், விடுங்க." எங்கள் கை பழைய பக்கம் போகும்போதெல்லாம் "மலை, மலை" என்று சத்தம் கொடுத்தாள். அப்பெக் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு மூங்கிலை இரண்டாகப் பிளந்து கொண்டுவந்து, தண்ணீர் ஓடைக்குப் போகப் பாதை வைத்துக் கொடுத்தார். மைமூன் அவருக்கு இலையில் மசாலை உருண்டை கொடுத்தாள். அவர் அதை மோந்து பார்த்து இருமினார். மறுநாள் வாத்து முட்டை கொடுத்து அனுப்பினார். அதை வாங்கிக்கொண்டு அவரிடம் அவள் தமிழில் ஏதோ நெடுநேரம் பேசினாள். அவர் சீனத்தில் பதில் சொன்னார்.

கப்பலுக்குப் போகும் நாளில் செய்யது வந்தான். பினாங்குக்கு ரயில் பிடிக்க வேண்டும். கட்டின பெட்டி மூலையில் அப்படியே இருந்தது. நான் அதைத் தூக்கவும் இல்லை, தூக்காமல் இருக்கவும் முடியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"பொறப்படுட்டி" என்றான் செய்யது.

மைமூன் அம்மியைவிட்டு எழுந்திருக்கவில்லை. "மொளகா பூரா நனைஞ்சு கெடந்துச்சுல்லா. இப்பதான் காஞ்சு வருது. நீ போயிட்டு வாண்ணே" என்றாள். ஒரு பொட்டலம் கொடுத்தாள். அம்மாவுக்கு என்றாள். நான் ஸ்டேஷன் வரை போய் அவனை ஏற்றிவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது அவள் அரைத்து முடித்திருந்தாள். பாளத்தில் நேராக நின்று அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மஞ்சளும் சிவப்புமாகத் தண்ணீர் பாளத்தின் மேல் வழிந்து, மூங்கிலுக்குள் இறங்கி, மேற்கே போயிற்று.

"இது எங்க போகுது?" என்றாள்.

"ஓடைக்கு."

"அங்கேருந்து?"

"கடலுக்கு."

"அண்ணன் போற கடலா?"

"அதே கடல்தான்."

தண்ணீர் போய் முடிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னொரு கொடம் ஊத்துங்க" என்றாள். நான் ஊற்றினேன். தண்ணீர் எங்கள் ஊர்ப் பக்கமாகப் போயிற்று. நாங்கள் மலைப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம்.