ச்வியெச்செக் ராசா காலத்துக் குழாய்

பிராண்டே என்னும் டேனிஷ் ஊர் வர இன்னும் பத்துக் கிலோமீட்டர் இருக்கிறது. மூடுபனிக்குள் ஒரு சந்தி தெரிந்ததும் பிரேக்கை அழுத்துகிறேன். மிதி தரைவரை போகிறது, கார் நிற்கவில்லை.

"இஞ்சாருங்கோ!" என்று பக்கத்தில் இருக்கும் மனைவி கத்துகிறாள்.

கைப்பிரேக்கை இழுத்து, புல்லில் ஏற்றி நிறுத்துகிறேன்.

பின்னால் வந்த வான் ஒன்றும் நிற்கிறது. இறங்கி வருபவர் போலந்துக்காரர். பிராண்டேயில் காற்றாலை இறக்கை செய்யும் வேலையாம். குனிந்து சில்லுக்குப் பின்னால் டோர்ச் அடிக்கிறார். பிரேக் எண்ணெய்க் குழாய் வெடித்து ஒழுகுகிறது.

"ஸா க்ருலா ச்வியெச்கா," என்று தலையை ஆட்டுகிறார். நாங்கள் விழிப்பதைப் பார்த்து டேனிஷில் விளக்குகிறார்: "ச்வியெச்செக் ராசா காலத்துக் குழாய். மிகப் பழைய காலத்தை எங்கள் மொழியில் அப்படித்தான் சொல்வோம். அப்படியொரு ராசா இருந்தாரோ, யாருக்குத் தெரியும்?"

நான் சிரிக்கப் பார்க்கிறேன்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?"

"அல்பர்ட்ஸ்லுண்ட். கடலுக்கு அந்தப் பக்கம், தலைநகருக்குக் கிட்ட."

"கடல் பாலத்தால் இந்தப் பிரேக்கோடா வந்தீர்கள்?"

மனைவி என் பக்கம் திரும்புகிறாள். "போன மாசம் காரைக் கராஜிலை காட்டினனான் எண்டனீங்கள். பொய்தானே?"

"ஓம். பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டன்."

அவர் எங்களைத் தன் வானில் ஏற்றுகிறார். பிராண்டே வரை அவள் கதவுக் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.