அமுக்கிப் பிடிக்காத கைகள்

செய்தி வந்தபோது நான் கொழும்பில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். இணையப் பக்கம் ஒன்றில் ஒரு பொத்தானை வலப்பக்கம் வைப்பதா, இடப்பக்கம் வைப்பதா என்று ஆறு பேர் முக்கால் மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். கைபேசியில் தவமணியின் அக்கா பேசினார். "தவமணி போயிருச்சுங்க சேர். இன்னைக்குக் காலையில, டிக்கோயா ஆசுபத்திரியில. ஏதும் ஆச்சுன்னா ஒங்களுக்குச் சொல்லணும்னு சொல்லி வச்சிருந்துச்சு." சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்தது தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

கூட்டத்துக்குத் திரும்பிப் போய், "வெளியே இருந்து நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாருங்கள். பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று அவர்கள் கை சொல்லும்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸுக்கு நடந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அனுபவசாலி சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். தவமணியின் நினைவுக்காக இங்கே கூடியிருக்கிற, அவரை அறிந்த உங்களுக்குத்தான் அது யாருடைய பேச்சு என்று தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியராக மாற்றலாகி வந்த அப்பாவோடு தொண்ணூறுகளில் ஹட்டனுக்கு வந்து, குளிருக்கும் மழைக்கும் பழகி, அங்கேயே தங்கிவிட்டவன் நான். இரண்டாயிரத்துக்குப் பிறகு, இரும்புக் கடை ஒன்றின் மேல்மாடியில் நாலு கணினிகளை வைத்துக்கொண்டு ஒரு மென்பொருள் செய்தோம். கணினி படிக்காதவர்களும் தமிழில் தங்கள் இணையப் பக்கத்தைத் தாங்களே செய்துகொள்வதற்கானது. படம், தலைப்பு, எழுத்து எல்லாம் பெட்டி பெட்டியாக ஓரத்தில் இருக்கும். வேண்டியதை மவுஸால் பிடித்து இழுத்துப் பக்கத்தில் போட்டால் சரி. 'பக்கங்கட்டி' என்று பெயர். பெயரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அப்போது அதன் மேல் தலைகால் தெரியாத பெருமை.

தவமணி தட்டச்சு வேலைக்கு வந்தவர். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு இரண்டு வருடம் கொழுந்து பறித்து, அந்தச் சம்பளத்தில் தட்டச்சு வகுப்புக்குப் போனவர். வந்த முதல் வாரம் ஒரு கோயில் சபையின் பெயரைத் தலைப்புப் பெட்டியில் அடித்தார். 'அருள்மிகு ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தான பரிபாலன சபை' என்பதில் பாதிதான் தெரிந்தது. மீதி பெட்டிக்கு வெளியே காணாமல் போய்விட்டது. "எழுத்தைச் சின்னனாக்கும், வந்திடும்" என்றேன். தவமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மன எதுக்கு சேர் சின்னதாக்கணும்? பெட்டியப் பெருசாக்குங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் முடிகிற தலைப்புகளை அளவாக வைத்து நான் போட்ட பெட்டி அது. நம் ஊர்ச் சங்கங்களின் பெயர்கள் எவ்வளவு நீளம் என்று நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. எழுத்துக்கு ஏற்றபடி தானே வளர்கிற பெட்டியாக அதை மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் தவமணியோடு கொஞ்சம் உர்ரென்றுதான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வருடம் அக்கரப்பத்தனைத் தோட்டப் பெண்கள் சிலர் எங்களைத் தேடி வந்தார்கள். உண்மையில் தேடிப்போய் அழைத்து வந்தவர் தவமணி. பதினொரு பேர் சேர்ந்து பள்ளிக்கூடப் பைகள் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பக்கம் வேண்டும். எங்களுக்கும் அவர்கள் வேண்டும். உதவி நிறுவனம் ஒன்று பக்கங்கட்டியைத் தோட்டப்புறக் கணினி நிலையங்களுக்கு எடுத்துக்கொள்ள யோசித்துக்கொண்டிருந்தது. சாதாரண ஆட்கள் அதைப் பாவிப்பதை நேரில் பார்த்தபிறகுதான் முடிவு என்று சொல்லியிருந்தார்கள். தவமணி அந்தப் பெண்களிடம், "ஒங்க பக்கத்த ஒங்க கையாலதான் செய்வீங்க. வேற யாரும் தொட மாட்டாங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் பயிற்சியிலேயே எல்லாம் சறுக்கியது. குழுவில் மூத்தவர் முனியம்மா. ஐம்பதைத் தாண்டியவர், முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். மவுஸைப் படத்தின் மேல் கொண்டுபோய் ஒரு அழுத்து அழுத்துவார், உடனே விட்டுவிடுவார், பிறகு கையை நகர்த்துவார். படம் இருந்த இடத்திலேயே இருக்கும். நான் பக்கத்தில் நின்று, "அமத்திப் பிடிச்சுக்கொண்டு இழுங்கோ அம்மா, விடாதேங்கோ" என்று பத்துத் தரம் சொன்னேன். பத்துத் தரமும் விட்டார். அவருக்குப் பிறகு உட்கார்ந்தவர்களும் அதேபோலவே விட்டார்கள். என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. முனியம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, "நமக்கு இதெல்லாம் வராதுங்க" என்றார்.

தவமணி என்னை ஒரு கதிரையில் உட்காரச் சொன்னார். "சேர், நீங்க கையக் கட்டிக்கிட்டு ஒக்காருங்க. திரையப் பாக்காதீங்க. அவங்க கையப் பாருங்க." முனியம்மாவை மறுபடி கூப்பிட்டு, ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல், அவர் பாட்டுக்குச் செய்ய விட்டார். ஒரு அரைமணி நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் பஸ்ஸுக்குப் போனபிறகு தவமணி தன் கையை என் முன்னால் நீட்டி, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர ஒரு கிள்ளுக் கிள்ளிக் காட்டினார்.

"கொழுந்த அமுக்கிப் புடிச்சா கன்னிப் போயிரும் சேர். மேற்பார்வ பாக்குற கண்டாக்கு ஏசுவாரு. அமுக்காத, கிள்ளுனதும் விட்டுருன்னு சின்ன வயசுலருந்து கேட்டுக் கேட்டு வளந்த கை அது. இப்ப நீங்க வந்து அமுக்கிப் புடிங்கன்னா எப்பிடிப் புடிக்கும்? நானும் ரெண்டு வருசம் முதுகுல கூடையக் கட்டுனவதான். எனக்கும் மொத மாசம் அப்பிடித்தான் இருந்துச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

பிறகு தன் யோசனையைச் சொன்னார். ஒரு தரம் கிள்ளினால் பெட்டி கையோடு வர வேண்டும். இன்னொரு தரம் கிள்ளினால் அந்த இடத்தில் இருந்துவிட வேண்டும். இடையில் விரல் சும்மா இருக்கலாம். கேட்கும்போதே எனக்கு அது சரியென்று தெரிந்தது. ஆனால் இழுத்து விடுகிற அந்த வசதியை எழுத நான் மூன்று மாதம் மண்டையை உடைத்திருந்தேன். "உலகம் முழுக்க இழுத்துத்தான் விடுகினம், தவமணி. அக்கரப்பத்தனைக்கு மட்டும் வேற மாதிரிச் செய்யேலுமே?" என்றேன்.

"ஒலகத்துக்குச் செய்ய ஆள் இருக்காங்க சேர். அக்கரப்பத்தனைக்கு நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க."

அதற்கும் நான் இறங்கி வரவில்லை. நிறுவனத்தார் வருவதற்கு ஒரு வாரமே இருந்தது. பக்கத்தை நானே முன்கூட்டிச் செய்து வைத்துவிடுகிறேன், முனியம்மா மவுஸில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்று ஒரு குறுக்கு வழி சொன்னேன். தவமணி கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். குரல் உயரவில்லை, இன்னும் இறங்கியது.

"ஒங்க கையாலன்னு சொல்லிக் கூட்டியாந்திருக்கேன் சேர். பொய்யா ஒக்கார வச்சா அப்புறம் அவங்க லயத்துப் பக்கம் நான் எந்த மொகத்தோட போறது? அப்பிடின்னா அன்னைக்கு நான் வரல. அவங்களையும் வர வேணான்னு சொல்லிருவேன்."

வழியில்லாமல் உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுத என் வீம்பு கரைந்துவிட்டது என்று சொன்னால் பொய். மூன்றாம் நாள் அது வேலை செய்தபோதுதான் கரைந்தது. பெட்டியைத் தொட்டால் ஓரம் சிவந்து கூடவே வந்தது. வைக்கக்கூடிய இடங்கள் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தன. அதற்கு 'எடு, வை' என்று தவமணியே பெயரிட்டார். இழுத்து விடுகிற முறையையும் நீக்கவில்லை. அவரவர் கைக்கு எது வருமோ அது.

நிறுவனத்திலிருந்து ஒரு மேலதிகாரி அம்மாவும் இன்னும் இருவரும் வந்தார்கள். முனியம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பையின் படத்தை எடுத்தார், வைத்தார். தப்பான இடத்தில், முகவரிக்குக் கீழே வைத்துவிட்டார். என் கை தானாக மவுஸ் பக்கம் போனது. தவமணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முனியம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். படத்தை மறுபடி எடுத்து மேலே வைத்தார். "வச்சத எடுக்கலாம், எடுத்தத வைக்கலாம். இம்புட்டுத்தானா?" என்றார்.

அதோடு நிற்கவில்லை. மேலே நான் எழுதி வைத்திருந்த தலைப்பைப் பார்த்தார். 'வறுமையில் வாடும் தோட்டப் பெண்களின் கைவண்ணம்' என்று உருக்கமாக எழுதியிருந்தேன். "தவமணி, இத எடுத்துப்புட்டாக் குத்தமா?" என்று கேட்டார்.

"ஒங்க பக்கம்க்கா. நீங்கதான் சொல்லணும்."

தலைப்பை எடுத்து வெளியே போட்டார். எழுத்தெழுத்தாகத் தேடி, அடித்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. 'எங்கள் பைகள் அறுந்து போகாது' என்று வந்தது. மேலதிகாரி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. தவமணி சிங்களத்தில் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, இரண்டு பைகள் தனக்கு வேண்டும் என்றார். பக்கங்கட்டியை எடுத்துக்கொள்வதாக அடுத்த மாதம் கடிதம் வந்தது.

இனிச் சொல்லப்போவது இங்கே உள்ள யாருக்கும் தெரியாது. நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. 'எடு, வை' வசதியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். கொழுந்து பறிக்கும் கையைப் பற்றி எல்லாம் விளக்கமாக எழுதி, உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். என் பெயர் மட்டும். நான்தானே எழுதினேன், நிரல் என்னுடையதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிக்கையைத் தட்டச்சு செய்தவர் தவமணி. அந்த வரிக்கு வந்ததும் விசைப்பலகைச் சத்தம் நின்றது. நான் தலையைத் தூக்கவில்லை.

"சேர், இனிஷியல் முன்னாடி போடவா, பின்னாடி போடவா?"

"முன்னால போடும்" என்றேன். போட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. அந்த அறிக்கைதான் எனக்குக் கொழும்பில் வேலை வாங்கித் தந்தது.

மரண வீட்டில் முனியம்மாவைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் என்னைக் காட்டி, "இந்த சேருதான், நம்ம தவமணி செஞ்ச கம்பியூட்டருக்கு ஒத்தாச பண்ணுனவரு" என்று அறிமுகப்படுத்தினார். அங்கே இருந்த அக்கரப்பத்தனைப் பெண்கள் எல்லோரும் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் யாரும் என் அறிக்கையைப் படித்ததில்லை. நான் தலையை ஆட்டினேன், ஆமாம் அம்மா, ஒத்தாசைதான் செய்தேன் என்றேன். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

தவமணியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அன்று அந்த வரியில் என்னைத் தலை தூக்க விடாத கூச்சத்தைத்தான். அது நல்ல கூச்சம், எனக்கு இருக்கட்டும். ஒரு வேலை முடிந்து, செய்தவர் பெயர் எழுதுகிற வரிக்கு வந்ததும் இப்போது என் கை நின்றுவிடுகிறது. எழுந்து போய், இதை முதலில் சொன்னது யார் என்று அறையில் கேட்கிறேன். யாராவது ஒருவர், பெரும்பாலும் கடைசிக் கதிரையில் இருப்பவர், தயங்கித் தயங்கிக் கையைத் தூக்குகிறார்.