தொட்டிலிலிருந்து இறங்கிய பிள்ளைகள்

1978 மார்ச் 6, திங்கட்கிழமை, வீரம்மா எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு ஆயம்மாவாக வந்தார். வயது நாற்பத்தொன்பது. விரல் மூட்டுகள் வீங்கி, கொழுந்தெடுக்க முடியாமல் போனதால் கொடுத்த வேலை. தாய்மார் மலைக்குப் போகையில் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. பிள்ளைகள் இருபத்தெட்டு, ஆயம்மா ஒருவர். காலை ஏழிலிருந்து மாலை நாலரை வரை எல்லாரையும் தொட்டிலிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. கீழே விட்டால் சளி பிடிக்குமாம். இரண்டாவது ஆளைப் போட மனமில்லை என்பதே உண்மை. ஒரு வயது கடந்தும் பதினொரு பிள்ளைகள் தவழவில்லை என்று, தோட்டத்து மருந்தகமான டிஸ்பென்சரியில் உதவிக்கு இருந்த நானே பதிவில் எழுதினேன். எவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

நாகலெட்சுமியின் மகன் சின்னராசாவுக்கு அப்போது ஒரு வயது நாலு மாதம். உட்கார வைத்தால் சாய்ந்தான். டிஸ்பென்சர் காலைத் தட்டிப் பார்த்து, "இது நடக்காதும்மா, அடுத்ததப் பாரு" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"காலுக்கு என்னடி கொறை?" என்றார் வீரம்மா. "தரையவே காட்டாம வச்சிருந்தா எப்படி நடப்பான்?"

கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றும் சாக்குப் படங்குகளில் கிழிந்தவற்றைக் கேட்டு வாங்கி, எட்டடி விரிப்பாகத் தைத்தார். பிள்ளைகளை அதில் குப்புறப் போட்டார். சின்னராசாவுக்கு எட்டாத தூரத்தில் தகர மூடியை வைத்துத் தட்டினார். ஒன்பதாம் நாள் புரண்டான். மே மாதம் தவழ்ந்தான். ஜூலையில் சுவரோர வாங்குப் பலகையைப் பிடித்து நின்றான்.

தவழத் தொடங்கியபோது சண்டைக்கு வந்தவளும் நாகலெட்சுமிதான்.

"சட்டையெல்லாம் மண்ணு. யாரு தொவைக்கிறது ஆயம்மா?"

"குடு, நான் தொவைக்கிறேன். ஒம் மவன் பஸ்ஸு ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி பின்னாலயே போறான். அதப் பாக்காம அழுக்கப் பாக்குற."

ஆகஸ்ட் 9, தோட்டத்தை நடத்தும் துரை மடுவத்துக்கு வந்தார். கூடவே மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு முத்துலிங்கம்.

"தொட்டில் எதுக்குத் தொங்குது, அழகுக்கா?" என்றார் கண்டாக்கு.

"அது தூங்குறதுக்குங்கய்யா. இதுங்க முழிச்சிருக்குதுங்க."

இந்தப் பதிலுக்காக அன்றே அவரைப் புல்லுவெட்ட அனுப்பினார்கள். விரிப்பை வெளியே எறிந்தார்கள். மறுநாள் பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்தாள் நாகலெட்சுமி. இறங்கத் துடித்த மகனைப் புதிய ஆயம்மா தொட்டிலோடு சேர்த்துச் சீலையால் கட்டியிருந்தாள். முடிச்சை அவிழ்த்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அன்று மாலை, தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போய் மற்றத் தாய்மாரிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு, இருபத்தெட்டுப் பிள்ளைகளின் தாய்மார் இருபத்தாறு பேரும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

"மடுவத்துல விட்டுட்டு வாங்க" என்றார் கண்டாக்கு.

"ஆயம்மா புல்லுவெட்டப் போயிருச்சுல்ல? இதுங்களும் கொழுந்தெடுக்கட்டும், சம்பளத்துக்குப் பேரு போடுங்கய்யா" என்றாள் நாகலெட்சுமி.

மகனைத் தரையில் நிறுத்திக் கையை விட்டாள். கண்டாக்குவின் சப்பாத்தை நோக்கி மூன்று அடி வைத்தான். பிறகு உட்கார்ந்தான். நடக்காது என்று சொன்ன டிஸ்பென்சர் டிஸ்பென்சரி ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஒன்பதே கால் வரை ஒரு கொழுந்தும் கிள்ளப்படவில்லை. அதன்பிறகே ஆளனுப்பி வீரம்மாவை மடுவத்துக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். இரண்டாவது ஆளும் வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். "பார்ப்போம்" என்றார் துரை. 1986 டிசம்பரில் வீரம்மா ஓய்வு பெறும்வரை எந்தத் துரையும் பார்க்கவில்லை. அத்தனை பிள்ளைகளையும் தனியாகவே தரையில் விட்டார், தனியாகவே பின்னால் ஓடினார்.