அக்காவின் குரலுக்கு ஒரு லைசென்ஸ்

நான் பேக்கேஜ் கட்டுகிறவன். இப்படிச் சொன்னால் கடலூரில் பலர் என்னைப் பார்சல் ஆபீசில் வேலை பார்ப்பவன் என்றுதான் நினைத்தார்கள். நானும் திருத்தப் போகவில்லை. லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கான மென்பொருள்களை உலகமெங்கும் பலர் எழுதி இலவசமாகத் தருகிறார்கள். அவற்றை வாங்கி, எது எங்கே போய் உட்கார வேண்டும், எது இல்லாமல் எது ஓடாது என்று குறிப்பெழுதி, யாரும் ஒரு தட்டலில் நிறுவிக்கொள்ளும்படி மூட்டை கட்டிக் கொடுப்பதுதான் இந்த வேலை. சம்பளம் கிடையாது. சம்பளத்துக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி லேபில் வேலை பார்த்தேன். 2007-ல் இரண்டு தமிழ் எழுத்துருப் பேக்கேஜ்கள் என் பொறுப்பில் இருந்தன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை லினக்ஸின் புதுப் பதிப்பு வரும்போது அவற்றைத் திரும்பக் கட்டுவேன், குறை சொல்லி வரும் கடிதங்களுக்குப் பதில் போடுவேன், ஏதோ நாட்டையே தாங்கிப் பிடிக்கிறவன் போலத் திரிவேன்.

மூன்றாவதாக ஒன்று கட்ட ஆசைப்பட்டேன். அது என் நண்பனுக்காக. பள்ளியிலிருந்தே கூடப் படித்தவன். பிறவியிலேயே பார்வை இல்லை. அப்போது கடலூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்தான். திரையில் இருப்பதை அவனுடைய கம்ப்யூட்டர் ஒரு குரலில் வாசித்துக் காட்டும். ஆங்கிலம் வந்தால் வாசிக்கும், தமிழ் வந்தால் வாயை மூடிக்கொள்ளும்.

"கொஸ்டீன் பேப்பர் டைப் பண்ணிட்டு, சரியா இருக்குதான்னு பாக்க இன்னொருத்தன தேடிப் போறேன் மச்சான்" என்றான் ஒரு நாள். "அப்புறம் அதுல என்ன ரகசியம் இருக்கும், சொல்லு?"

தமிழ் எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் ஒன்று, என்ஜின் என்பார்கள், இணையத்தில் இருந்தது. குரல்தான் இல்லை. யாராவது சில நூறு வாக்கியங்களைத் தெளிவாகப் படித்துக் கொடுத்தால் போதும், அந்த ஒலியை வெட்டி ஒட்டி அது எதையும் பேசும். நான் அக்காவிடம் போனேன். அவளைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். பள்ளியில் காலை வழிபாட்டில் தினமும் செய்தி வாசித்தவள் அவள். அவள் வாசித்தால் கடைசி வரிசைப் பையன்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஒரு கோடை முழுக்க மதியங்களில் பதிவு செய்தோம். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வியர்த்து வழிய அக்கா படித்தாள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தால் அந்த வாக்கியம் மறுபடி முதலிலிருந்து. மாமா வீட்டில் இருக்கும் நாட்களில் சத்தம் வராமலிருக்கப் பிள்ளைகளை அவரே வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார். மாமா என்றால் அக்காவின் கணவர். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

எல்லாம் முடிந்து நண்பனின் கம்ப்யூட்டரில் சோதனைக்காகப் போட்டுக் கொடுத்தேன். அவன் டைப் செய்த வரியை அது வாசித்தது. "அக்காடா!" என்று கத்தினான். அன்று அவன் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார்கள். மூன்று மாதம் அந்தக் குரலை வைத்து எல்லாவற்றையும் தானே படித்தான். பிறகு, அவன் பள்ளியில் பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் இது வேண்டும் என்றான். அதற்கு ஒரே வழி, பேக்கேஜ் லினக்ஸ் தொகுப்புக்குள்ளேயே போக வேண்டும். உள்ளே போய்விட்டால் ஒவ்வொரு பதிப்போடும் தானாக வரும். வெளியே இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நான் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராக ஏறி இறங்க வேண்டும்.

தொகுப்பை நடத்துகிறவர்களுக்கு இணையத்தில் விண்ணப்பம் போட்டேன். நான்கு மாதம் யாரும் சீண்டவில்லை. பிறகு எங்கேயோ ஒரு வெளிநாட்டுக்காரர் பரிசீலிக்க எடுத்துக்கொண்டார். விளக்க வரி நீளம் ஜாஸ்தி, இந்தக் கோப்பு தவறான இடத்தில் இருக்கிறது, இது தேவையில்லாதது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். திருத்தி அனுப்புவேன், இன்னொன்று சொல்வார். எரிச்சலாக இருக்கும், ஆனால் அவர் சொன்னதெல்லாம் சரி. கடைசியாக ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். இந்தக் குரல் பதிவு யாருடையது? அதை எல்லாருக்கும் கொடுக்க அவர் சம்மதித்து எழுதித் தந்திருக்கிறாரா?

அவ்வளவுதானே என்று குதித்தேன். அந்தச் சம்மதப் பத்திரத்தை, லைசென்ஸ் என்பார்கள், ஆங்கிலத்தில் மட்டும் நீட்டி ஏமாற்றுவது போலாகிவிடக் கூடாதென்று தமிழிலும் எழுதினேன். 'இந்தக் குரலை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கலாம்.' ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன்.

அந்த வீட்டில் கையெழுத்து என்றால் காகிதம் முதலில் மாமா கைக்குத்தான் போகும். பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டானாலும் ரேஷன் கடை விண்ணப்பமானாலும் அப்படித்தான். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். நான் மாமாவிடம் நீட்டினேன். யோசிக்கவே இல்லை. அக்கா உள்ளே எனக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா இரண்டு தடவை படித்தார்.

"விக்கலாம்னு போட்டிருக்கியே?"

"அப்படித்தான் எழுதணும் மாமா. யாரும் விக்க மாட்டாங்க."

"மாத்தலாம்னு இருக்குது. அப்ப எவனோ ஒருத்தன் இவ கொரல வச்சி என்ன வேணும்னாலும் பேச வப்பான். அசிங்கமா கூட. அப்படித்தான?"

பரிசீலகரோடு ஒரு கமாவுக்காக மூன்று நாள் மல்லுக்கட்டியவன் நான். ஆனால் மாமா கேட்டது நியாயமான கேள்வி. "ஆமா" என்றேன்.

"தமிழ் சாருக்குன்னு கேட்ட, சரின்னேன். ஊருக்கெல்லாம்னு நீ சொல்லவே இல்லியே." காகிதத்தை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "எல்லாத்தையும் அழிச்சிடு. அவருக்குக் குடுத்திருக்கியே, அதையுந்தான்."

அக்கா தெருமுனை வரை வந்தாள்.

"காயிதத்த என்கிட்ட நீட்டியிருந்தா நின்ன எடத்துலயே கையெழுத்துப் போட்டிருப்பேன்டா. அப்புறம் அவர்கிட்ட நான் சொல்லிச் சமாளிச்சிருப்பேன். இப்ப அவரு வேணாம்னுட்டாரு. இனிமே போட்டா அவர மீறிப் போட்டதா ஆயிடும்."

"உன் கொரலுதானேக்கா. சட்டப்படி நீ சம்மதிச்சாப் போதும்."

"இத இப்ப வந்து சொல்றியா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபத்திலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேறு யாரையாவது படிக்க வைத்திருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். கேட்கலாம். இன்னொரு வீட்டு வாசலில் அந்தக் காகிதத்தோடு போய் நிற்க எனக்குத் தெம்பில்லை.

பரிசீலகர் மரியாதையாக இரண்டு முறை நினைவூட்டினார். என்ன எழுதுவது? விண்ணப்பதாரரிடமிருந்து பதில் இல்லை என்று கடைசியில் அதை மூடிவிட்டார்கள். அடுத்த வருஷம் எழுத்துருப் பேக்கேஜ்கள் இரண்டையும் நானே விட்டுவிட்டேன். எதைக் கட்ட உட்கார்ந்தாலும் கை வரவில்லை. யாரோ அவற்றை எடுத்துக்கொண்டார்கள்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி நேராக நண்பன் வீட்டுக்குத்தான் போனேன். நடந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"அக்காகிட்ட கேக்கல. மாமாகிட்டத்தான் குடுத்தேன்."

சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"டீக்கடையில நாம நிக்கிறப்ப, 'சாருக்குச் சக்கர போடலாமா'ன்னு கடக்காரரு உன்னத்தான் கேப்பாரு. நான் பக்கத்துலயே நிப்பேன். நீ அவர திட்டுவ."

நான் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"சரி, அழிச்சிடு. அவுங்க வீட்டுல வேணாம்னப்புறம் அது இங்க இருக்கக் கூடாது."

விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக் கட்டளையைத் தட்டினேன். உறுதியாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் கேட்டது. அந்தக் கேள்வியைப் பழைய ஆங்கிலக் குரல் வாசித்தது. நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவன் தானே கையை நீட்டி, விசையைத் தடவிக் கண்டுபிடித்து, ஆம் என்று தட்டினான்.