ஒட்டு எபிசோடும் ஞானசேகரன் சாரும்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். தறியில் உட்கார்ந்திருந்தேன். வைதேகியிடமிருந்து போன் வந்தது. எங்கள் ஞாயிறு வட்டத்தில் ஒருவர், ஏனாத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண். வேலை நேரத்தில் யாரையும் கூப்பிடாதவர். தறியை நிறுத்திவிட்டு எடுத்தேன்.

"தண்டபாணி அண்ணா, ஞானசேகரன் சார் தவறிட்டாராம். ரெண்டு நாளா ஜொரமாம். விடியக்காலைல தூக்கத்துலயே போயிட்டாராம்" என்றார்.

கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. ஐந்து மாதமாக நான் சாரைப் போய்ப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் முன்னால் நான் விட்ட ஒரு வார்த்தைதான் காரணம். அந்த வருத்தத்தோடேயே போய்விட்டாரா என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றிய முதல் கேள்வி. இன்றைக்கும் அதே கேள்வியோடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். காரியத்தன்று வாசிக்க வட்டத்தின் சார்பில் நான்தான் எழுத வேண்டும் என்று நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குத்தான் அவர் நெருக்கம் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

சாரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானசேகரன் சார் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுபவர். கட்டம் போட்ட கிராப் தாளில் பென்சிலால் தொடங்கி, பிறகு கம்ப்யூட்டருக்கு மாறியவர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதல் கோடு தாளில்தான் போடுவார். பெரிய காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் பின்னால் அவர் வீடு. எட்டு வருடத்துக்கு முன் ஒரு பார்டர் டிசைனுக்காக முதல்முறை அங்கே போனேன். டிவியில் விண்கப்பல் ஒன்று போய்க்கொண்டிருந்தது. "கொஞ்சம் இருபா, கேப்டன் உயிரோட இருக்கானான்னு தெரிஞ்சிடட்டும்" என்று என்னை உட்கார வைத்துவிட்டார். கேப்டன் பிழைத்தார். நான் மாட்டிக்கொண்டேன்.

அந்தத் தொடரின் பெயர் 'நெடுவெளி'. வேறு மொழியில் எடுத்து, தமிழில் குரல் கொடுத்து வெளியிட்ட அறிவியல் கதை. பூமியை விட்டுப் போன ஒரு கப்பல், அதில் மூன்று தலைமுறை மனிதர்கள். பார்த்துவிட்டுப் பேச ஆள் வேண்டும் என்று சார்தான் எங்களைச் சேர்த்தார். அன்வர் பாயின் ஜரிகைக் கடைக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் நாலு மணிக்கு அதன் மாடியில் கூடுவோம். நல்ல நாளில் ஏழெட்டுப் பேர் வருவோம்.

எங்கள் வட்டத்துக்கு ஒரு முறை உண்டு. வந்ததும் யாரும் தொடரைப் பற்றிப் பேசக்கூடாது. சார் வீணான கிராப் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு வருவார். ஆளுக்கு ஒரு துண்டில் அந்த வாரத்து எபிசோடு பற்றிய கருத்தைப் பெயர் போடாமல் எழுதி, மடித்து, ஜரிகைக்கட்டைகள் வைக்கும் கூடையில் போட வேண்டும். பிறகு சார் ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரே குரலில் வாசிப்பார். "மொதல்ல எழுது, அப்பால பேசு. பேசிட்டு எழுதுனா பக்கத்துல இருக்கறவன் சொன்னதத்தான் எழுதுவ" என்பார். பெயர் இல்லாததால் கேட்கிறவர்கள் கூச்சமில்லாமல் கிழித்துத் தொங்கவிடலாம். கிழிப்பதில் நான் முதல் ஆள்.

எங்களுக்குள் பெரிய சண்டையே ஒட்டு எபிசோடுதான். சீசனுக்கு ஒன்று தவறாமல் வரும். கப்பலில் ஏதாவது பழுதாகிவிடும், நாலு பேர் ஓர் அறையில் மாட்டிக்கொள்வார்கள். மூச்சு முட்டும் நேரத்தில் ஒருவர், "உனக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான், பழைய சீசன்களிலிருந்து வெட்டிய காட்சிகளாக ஓடும். கடைசி நிமிடத்தில் கதவு திறக்கும். அன்வர் பாய்க்கு இது பிடிக்கும். பாதித் தொடரை அவர் பார்த்ததே இல்லை. கதவைத் திறக்கத் தெரியாதவர்கள் கப்பலை எப்படி ஓட்டுகிறார்கள் என்பது வைதேகியின் கேள்வி.

சார் ஒட்டு எபிசோடுக்குப் பரம எதிரி. கடிகாரத்தை வைத்துக்கொண்டு புதுக்காட்சி எத்தனை நிமிடம் என்று பார்ப்பார். "நானுந்தாம்பா பழைய புட்டா டிசைன எடுத்து புதுப் பொடவையில போடறேன். பக்கத்துல ஒரு புது வேலையாவது இருக்கணும். இல்லன்னா அது பழைய பொடவதான், வேற பெட்டியில மடிச்சு வெச்சது" என்பார். ஒரு தடவை வைதேகி விடவில்லை. பின்னொரு சீசனில் செத்துப்போன கேப்டன் முதல் சீசனில் சிரித்த காட்சியை இப்போது பார்த்தபோது அழுகை வந்தது, முன்பு வரவில்லை, அப்படியானால் அது புதுக்காட்சிதானே என்று கேட்டார். சார் கடிகாரத்தைக் கீழே வைத்தார். "உன் கண்ணு புதுசும்மா. எபிசோடு பழசு" என்றார். அன்வர் பாய் எழுந்து கைதட்டினார்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் என்னை வரச்சொல்லி ஒரு பார்டரைக் கொடுத்தார். "புச்சுபா, நேத்துதான் முடிச்சேன்" என்றார். தாளை விரித்துப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அவரே கொடுத்து, நானே நெய்து முடித்த மயில் பார்டர் அது. அப்போது தோகையில் ஒரு கண் விட்டுப்போயிருந்ததை நான்தான் சுட்டிக்காட்டினேன், அவர் திருத்திக் கொடுத்தார். இப்போதும் அதே இடத்தில் அந்தக் கண் இல்லை. அதைச் சொல்லாமல், "நல்லா இருக்குது சார்" என்று வாங்கிவந்து பீரோவில் வைத்துவிட்டேன்.

கவலைப்படுவதில் நான் சாதாரண ஆள் இல்லை. பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன், தெரு முனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நான்காம் முறையும் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும், வயசாகிறது, வேலை அதிகம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கவலைப்பட வேண்டிய இடத்தில் கவலைப்படத் தவறினேன்.

அதற்குச் சில வாரம் கழித்து சார் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்றார். ஞாயிறு தோறும் மூன்றரை மணிக்கு நான் போய் அழைத்துவருவதும், திரும்பக் கொண்டுபோய் விடுவதும் வழக்கமாயிற்று.

ஐந்து மாதத்துக்கு முன் அந்த சீசனின் ஒட்டு எபிசோடு வந்தது. வழக்கம்போலத் துண்டுகள் விழுந்தன. சார் ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லாம் திட்டு. நடுவில் ஒன்றைப் பிரித்து, அதே குரலில் வாசித்தார்: "இந்த வாரம் நன்றாக இருந்தது. யார் யாருக்கு என்ன உறவு என்பது மறந்து போயிருந்தது. எல்லாம் காட்டினார்கள். மாதம் ஒருமுறை இப்படிப் போட்டால் உதவியாக இருக்கும்."

அன்வர் பாய்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். அவரைச் சீண்டுவதற்காக, "இந்த ஞாபகத்த வெச்சிக்கினு உனுக்கு எதுக்குபா இந்த சீரியலு? வூட்ல குந்திக்கினு பழைய படம் பாரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்வர் பாய் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். சாரும் சிரித்தார். அந்தத் துண்டைப் பழையபடி மடித்துக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

கலைந்த பிறகு துண்டுகளைப் பொறுக்குவது என் வேலை. அந்தத் துண்டு என் கையில் பிரிந்தது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, சொல்லுக்குச் சொல் ஒரு கட்டம் இடைவெளி. டிசைன் போட்டுப் பழகிய கை. எங்கள் வட்டத்தில் அப்படி எழுதுகிறவர் ஒரே ஒருவர்தான்.

துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். கீழே வண்டிக்குப் பக்கத்தில் சார் நின்றுகொண்டிருந்தார். அவரை ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "காத்து நல்லா இருக்குதுபா." அந்த வார்த்தையை நான் ஐந்து மாதமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னதா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு, வேலை இருக்கிறது என்று செய்தி அனுப்பினேன். அதற்கடுத்த ஞாயிறு அதுவும் அனுப்பவில்லை. சார் போன் செய்தார். திரையில் அவர் பெயர் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். எடுக்கவில்லை. மூன்று நாலு முறை வந்தது, பிறகு நின்றுவிட்டது. வட்டத்தில் கேட்டவர்களிடம், சாருக்கு உடம்பு சரியில்லை, யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொன்னேன். அது பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன். வாசிக்க ஆள் இல்லாமல் கூடுவதும் நின்றுபோயிற்று.

இதுவரை எழுதி இரண்டு நாள் ஆகிறது. மேற்கொண்டு ஓடவில்லை. அவர் மனதில் என்ன இருந்தது என்று தெரியாமல் இரங்கலை எப்படி முடிப்பது? நேற்றுச் சாயங்காலம் துணிந்து அவர் வீட்டுக்குப் போனேன். சாரின் துணைவியார் கஸ்தூரி அக்கா காபி கொடுத்தார். குடித்து முடித்தபின், அன்றைக்கு நடந்ததைச் சொல்லி, "சார் எம்மேல ரொம்பக் கோவமா இருந்தாராக்கா?" என்று கேட்டேன்.

அக்காவுக்கு நான் சொல்வது விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கோவமா? எதுக்குபா? அன்னிக்கு வூட்டுக்கு வந்து, இன்னிக்கு நல்லா சிரிச்சோம்னாரு. எதுக்குன்னு கேட்டேன். தெரியலன்னாரு" என்றார். "ஒன்ற வருசமா அப்படித்தாம்பா. டாக்டரு மாத்திர குடுத்தாரு. யாராண்டயும் சொல்லாத, எனக்கு டிசைன் குடுக்க மாட்டாங்கன்னாரு. நானும் வாயத் தொறக்கல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கமில்லாமல் ஒரு நிமிடம் மனசு லேசானது. அவருக்கு நினைவில்லை, நான் தப்பித்தேன் என்று. அப்போது அக்கா கேட்டார்:

"நீ ஏம்பா வரல?"

காலி காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவரே தொடர்ந்தார். "போன் பண்ணாரு, நீ எடுக்கல. அப்பால அவுருக்கு போன் பண்ணவே வரல. ஆனா ஞாயித்துக்கெழம மட்டும் எப்படித்தான் தெரியுமோ. மத்தியானம் சோறு தின்னதும் வெள்ள சட்ட எடுத்துக் குடுன்னுவாரு. தாள வெட்டி பாக்கெட்ல வெச்சிக்கினு, வாசக் கேட்டாண்ட சேர் போட்டு குந்திக்குவாரு. தண்டபாணி வண்டி எடுத்துக்கினு வரும்னுவாரு. வெயிலு மூஞ்சில அடிக்கும், நவுர மாட்டாரு. அஞ்சு அஞ்சர ஆனா எனக்கு மனசு கேக்காது. இன்னிக்கு ஞாயிறு இல்லீங்க, சனிக்கெழம, உள்ள வாங்கன்னுவேன். நம்பிடுவாரு."

"நம்பிட்டு?"

"சரி, அப்ப நாளிக்கு வந்துடும்னு சொல்லிக்கினே உள்ள வந்துடுவாரு."

எத்தனை ஞாயிறு என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

ஞானசேகரன் சார், உங்கள் கோபத்துக்குப் பயந்து நான் ஒளிந்துகொண்டிருந்தேன். உங்களிடம் கோபமே இல்லை, காத்திருப்பு மட்டும்தான் இருந்தது. நான் சொன்ன வார்த்தையை நீங்கள் மறந்தீர்கள். நான் வருவேன் என்பதை மறக்கவில்லை. பத்து நிமிடத்தில் வந்துவிடக்கூடிய தூரத்தில்தான் நான் இருந்தேன். தயவுசெய்து மன்னித்துவிடுங்கள், சார். என் கண்ணுக்குள் நீங்கள் இன்னும் வெள்ளைச் சட்டை போட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தெருவில் போகும் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் பாதி எழுந்து, மறுபடி உட்காருகிறீர்கள். போய்வாருங்கள் சார். இனிமேல் எழுந்து எழுந்து பார்க்க வேண்டாம்.