வாங்காத போன்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஹெட் கிளார்க். தாளாளர் சொல்லச் சொன்னதால், "வேலை உங்களுக்குத்தான், திங்கக்கிழமை வந்திருங்க டீச்சர்" என்று முக்கூடல் ஆசிரியை ஒருவருக்குப் போன் செய்தேன். அதை நம்பி, இருந்த வேலையை விட்டுவிட்டு அவர் வந்து நின்றார். அதற்குள் தாளாளர் தன் மைத்துனர் மகளுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருந்தார்.

தாளாளர் என்னையே பார்த்தார். "பாப்போம்னுதானே டீச்சர் சொன்னேன்?" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

டீச்சர் சண்டை போடவில்லை. கணவரை அழைத்து, போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்க வரச் சொன்னது நெசம்னு மட்டும் அவுககிட்ட சொல்லிருங்க சார். நானா வேலைய விட்டுட்டேன்னு ஏசுவாவ."

போனில் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் வாங்கவில்லை.

என் வேலை தப்பியது. புதிதாக யாரைச் சேர்த்தாலும், இன்றும் போன் செய்து சொல்பவன் நான்தான்.