சுவர் வரை எட்டும் சங்கிலி

என் ஓரகத்திக்கு வாய் கிடையாது. எனக்கு அவளுக்கும் சேர்த்து உண்டு. "ஒண்ணு ஊமைக்கோட்டான், இன்னொண்ணு லவுட்ஸ்பீக்கர்" என்று என் கணவரின் அண்ணன் எங்கள் இருவரையும் சேர்த்து வைத்துச் சொல்வார். ஊமைக்கோட்டான் என்பது அவருடைய சொந்த மனைவியை. நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். தெருவுக்கு அவள் தையல்காரம்மா.

ஒரே வீடு. கீழே அவர்கள், மாடியில் நாங்கள். வந்த புதிதில் எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சலாக இருக்கும். தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை போட்டால் "சரி, நீயே போட்டுக்க" என்பாள். கொடியில் இடம் பிடித்தால் தன் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சண்டை போடுவதற்குக்கூட எதிரில் ஒரு ஆள் வேண்டாமா? ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, கேட்காமலே வந்து என் மருத்துவமனைச் சீருடையைத் துவைத்துத் தேய்த்து, தொங்கிக்கொண்டிருந்த பொத்தானையும் தைத்து மாட்டிவிட்டுப் போனாள். எனக்கு அங்கே சலவைப் பிரிவில் வேலை, ஊர்த்துணியெல்லாம் நான் துவைப்பேன். என் துணியைத் துவைத்தது அவள் ஒருத்திதான். அதன் பிறகு என் வாய் அவள் பக்கம் திரும்பவில்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பியது.

அவள் தைத்தது பெரும்பாலும் பள்ளிக்கூடச் சீருடை. நாலு படி ஏறிப்போகும் பின்பக்க அறையில் ஜன்னலை ஒட்டி மெஷின். அளவெடுக்கப் பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாக்களிடம் அவள் பேசுகிற ஒரே பேச்சு, "வளர்ற பிள்ளை, கொஞ்சம் தாராளமா விட்டுடறேன்" என்பதுதான். அவள் தைத்த பாவாடையின் ஓரத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு கைப்பிடி அளவுத் துணி மடிந்திருக்கும். கால்சட்டையிலும் அப்படியே. பிள்ளை வளர வளர மடிப்பை அவிழ்த்து விட்டுக்கொள்ளலாம். கறாராக அளந்து, ஒட்ட வெட்டி, மிச்சத் துணியைத் தலையணைக்கு ஒதுக்குகிற தையல்காரர்களை அவளுக்குப் பிடிக்காது.

அவளுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொன்னவுடன் 'ஓகோ, அதனால்தான் நாயா' என்று தலையாட்டுகிறவர்கள் எழுந்து போகலாம். அவளுக்கு நாய்மேல் பாசம் வந்ததற்குக் காரணம், அவள் ஜன்னலுக்கு வெளியே ஒரு நாய் இருந்ததுதான். உங்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்திருந்தால் நீங்கள் திரையை இழுத்து விட்டிருப்பீர்கள். அவள் இழுத்து விடவில்லை. வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை.

எங்கள் பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் டைல்ஸ் குடோன். லாரியின் சக்கரம் புதையாமல் இருக்க, முதலாளி உடைசல் கொட்டி அந்த இடத்தை மேடாக்கியிருந்தார். அதனால் சுவர் எங்கள் பக்கம் ஆளுயரம், அவர் பக்கம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. முற்றத்தின் நடுவே ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதில் அந்த நாயைக் கட்டியிருந்தார்கள். குட்டியாக வந்த அன்று கட்டியது, பிறகு அவிழ்க்கவே இல்லை. திரும்பிப் படுக்க இடம் இருந்தது. நடக்க இடம் இல்லை. காலையிலிருந்து வெயில் நேராக முதுகில் விழும். தண்ணீர்ச் சட்டியைச் சங்கிலியே தட்டிக் கவிழ்த்துவிடும், கவிழ்ந்த சட்டி எட்டாத தூரத்துக்கு உருண்டுவிடும். மழை வந்தால் குழாயைச் சுற்றிக் குட்டை, அந்தக் குட்டையில்தான் நிற்கவேண்டும். கழுத்தைச் சுற்றி மயிர் போய்த் தோல் சிவந்திருந்தது. நாய் படாத பாடு என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அந்தப் பாட்டை ஒரு நாய் படும்போது உட்கார்ந்து பார்த்தவர் யார்? அக்கா பார்த்தாள். மெஷினை மிதித்துக்கொண்டே பார்த்தாள்.

துணி காயப்போடும் கொம்பின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கட்டி, நாற்காலிமேல் ஏறி நின்று, சுவருக்கு மேலாக நீட்டித் தண்ணீரும் சோறும் கொடுப்பாள். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே இருந்துகொண்டு சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து நின்றதால், நான் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தேன்.

"என்னக்கா, மாப்பிள்ளைக்கு உபசாரம் ஆச்சா?"

"ஆச்சு. சோத்தைப் பாக்க மாட்டேங்குது, என்னையே பாக்குது."

அந்தக் குவளைதான் அதன் பக்கத்தில் போனது, அவள் கை அதைத் தொட்டது இல்லை. குழாய்க்கும் சுவருக்கும் நடுவே வெறும் தரை கிடந்தது.

ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போனாள். போகும் வழியிலேயே "நீ பேசாத, நான் பேசறேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அண்ணே, அந்த நாயை அவுத்துவிட்டுடுங்க. கேட்டுதான் பூட்டியே இருக்கே, உள்ளேயே சுத்திட்டுக் கிடக்கும்" என்றாள்.

முதலாளி சிரித்தார். நல்ல மனிதர்தான், ஒருவரையும் அடித்ததில்லை. "காவலுக்கு வளக்கற நாயம்மா. அவுத்துவிட்டா டைல்ஸ் எறக்க வர்றவன் காலைக் கவ்வும். கட்டினாதான் கோபம் இருக்கும், கோபம் இருந்தாதான் காவல்."

"கோபம் இல்லண்ணே, அது அழுவுது."

"நாய் அழுவுதா! உங்களுக்குத் தையல் வேலை கம்மியா இருக்குபோல."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆனால் அவள் விடவில்லை. மறுநாள் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். எதையும் விட்டுக்கொடுத்தே பழகியவள், இந்த ஒன்றில் மட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டாள். முதலாளி தலைமறைவாகத் தொடங்கினார். கடைசியில் தாங்கமாட்டாமல் அவரே தெருச் சங்கத் தலைவரிடம் போய் முறையிட்டார்.

எங்கள் தெருச் சங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எந்த வழக்கு வந்தாலும் பாதியாக வெட்டிக் கொடுப்பதுதான் அங்கே நியாயம். இரண்டு வீட்டுக்காரர்கள் சாக்கடைக் குழாய்க்கு அடித்துக்கொண்டபோது, 'பாதித் தூரம் உங்க பக்கம், பாதித் தூரம் அவங்க பக்கம்' என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். குழாய் நடுவில் வளைந்தது. இன்றுவரை இரண்டு வீட்டு வாசலிலும் தண்ணீர் தேங்கி நிற்கிறது, இரண்டு வீட்டாரும் 'நமக்கு மட்டும் இல்லையே' என்று திருப்தியாகக் கொசு அடிக்கிறார்கள்.

தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்தார், கூடவே முதலாளி. "ரெண்டு பேரும் கொஞ்சம் எறங்கி வாங்க. அம்மா அவுத்துவிடுங்கறாங்க, இவரு கட்டணும்ங்கறாரு. சங்கிலி இருக்கட்டும், நீளமா இருக்கட்டும். முடிஞ்சுதா?"

"அவுத்துவிடறதுல பாதி என்னங்க இருக்கு?" என்றேன் நான். "பாதிக் கல்யாணம் மாதிரி பாதி அவுக்கறதா?"

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா. தையல்காரம்மா, நீங்க சொல்லுங்க. எவ்ளோ நீளம் வேணும்? நீங்களே அளந்து சொல்லுங்க. அளவு எடுக்கறது உங்களுக்குப் புதுசா?"

முதலாளி தாராள மனசோடு தலையாட்டினார். அக்கா கேட்டது அது இல்லை. ஆனால் ஒன்றுமே கிடைக்காத இடத்தில் ஏதோ கிடைக்கிறது, அதையும் வேண்டாம் என்றால் அந்த நாய்க்கு யார் பதில் சொல்வது? டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

குடோனுக்குள் நானும் போனேன். அந்த முற்றத்தில் நிழல் என்பது எங்கள் சுவரின் அடியில் மட்டும், அதுவும் மதியத்துக்குப் பிறகு. அக்கா குழாயிலிருந்து சுவரின் அடிவரைக்கும் தரையில் மண்டியிட்டு மண்டியிட்டு அளந்தாள். நாய் வாலை ஆட்டி ஆட்டி இடுப்பே ஒடிந்துவிடும்போல் குழைந்தது. அவள் அதன் தலையில் முதல் தடவையாகக் கை வைத்தாள். அது அப்படியே அடங்கி, கண்ணை மூடிக்கொண்டது.

எழுந்து நீளத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "நிழல்ல கையைக் காலை நீட்டிப் படுக்கணுமில்ல. கொஞ்சம் தாராளமா விட்டுடுங்கண்ணே" என்றாள்.

"சொல்லிட்டீங்கல்ல, தாராளமாவே விட்டுடுவோம்" என்றார் முதலாளி. சொன்னபடி புதுச் சங்கிலி வாங்கினார். தெருப் பிள்ளைகள் யாரும் விளையாட்டுக்கு அவிழ்த்துவிடக் கூடாது என்று தலைவர் யோசனை சொன்னதால், இரண்டு முனையிலும் பூட்டுப் போட்டார். கழுத்துப் பட்டைக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று. சாவி அவர் இடுப்பில்.

அந்த நாட்களை நான் மறுக்கமாட்டேன். நாய் ஓடியது. ஓடத் தெரியாமல் முதலில் காலில் கால் சிக்கி விழுந்தது, பிறகு ஓடியது. மதியம் சுவரடியில் நீட்டிப் படுத்துத் தூங்கியது. மெஷின் சத்தம் நின்றால் எழுந்து முன்னங்கால்களைச் சுவர்மேல் வைத்து எட்டிப் பார்க்கும். அக்கா நாற்காலியில் ஏறினால் முகமெல்லாம் நக்கிவிடும். "சீ, போடா, எச்சி" என்று அவள் திட்டிச் சிரித்ததை மாடியிலிருந்து கேட்டேன். அவள் குரலெழுப்பிச் சிரித்ததை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அவள் வீட்டுக்காரர்கூட, "மாப்பிள்ளை வந்ததுலேருந்து மாமியாருக்குக் குஷிதான்" என்றார்.

ஒரு நாள் மதியம் அவள் தைத்த சீருடைகளைக் கொடுத்துவிட்டு வந்தாள், நான் காலை வேலை முடிந்து வந்தேன். தெருமுனையில் சந்தித்துப் பேசிக்கொண்டே நடந்தோம். அவள் குரல் எட்டியதுமே பின்பக்கம் நாய் குரைக்கத் தொடங்கியது. "வரேன்டா, வரேன்" என்று சிரித்துக்கொண்டே அக்கா கதவைத் திறந்தாள். குரைப்பு நின்றது.

சுவரில் பறபறவென்று பிறாண்டுகிற சத்தம்.

பின்கட்டுக்கு ஓடினோம். நாய் எங்கள் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரைத் தாண்டும் அளவுக்குச் சங்கிலி இருந்தது, எங்கள் தரையைத் தொடும் அளவுக்கு இல்லை. பின்னங்கால்கள் தரைக்கு மேலே ஒரு முழத்தில் உதைத்துக்கொண்டிருந்தன.

அக்கா அதை அப்படியே கட்டிப்பிடித்து மேலே தூக்கினாள். திரும்பச் சுவருக்கு மேலே ஏற்ற முடியாத கனம், தூக்கியும் கழுத்தில் பட்டை தளரவில்லை. "ஓடு, அவுத்துவிடு!" என்று அலறினாள். பட்டையை நான் பிடித்து இழுத்தேன். பூட்டு. நாற்காலியில் ஏறிச் சுவரைத் தாண்டிக் குதித்தேன், முழங்காலில் தோல் உரிந்தது. குழாயிலும் பூட்டு. குடோன் கதவும் பூட்டு. முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். கையில் கிடைத்த டைல்ஸை எடுத்து அந்தப் பூட்டை அடி அடி என்று அடித்தேன், டைல்ஸ்தான் உடைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பேசுவது கேட்டது. "இதோ இதோ, அவுக்கறாங்க, ஆச்சுடா, ஆச்சு." நாயின் கனம் முழுவதையும் அவள் தாங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் பேசுவது நின்றுவிட்டது. ஆனால் கையை எடுக்கவில்லை. என் கத்தலைக் கேட்டு யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, முதலாளி சாவியோடு வரும்வரைக்கும் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி பூட்டைத் திறந்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்றார். தலைவர் வந்து பார்த்து, "நல்லதுக்குச் செய்யப்போய் இப்படி ஆயிடுச்சு" என்றார். தெருவே கூடி நின்று அதைத்தான் சொன்னது. கட்டிப்போட்டவன் மேல் ஒரு சொல் இல்லை. பூட்டச் சொன்னவர் மேல் ஒரு சொல் இல்லை. 'அது பாட்டுக்குக் கிடந்தது, தையல்காரம்மா போய்த் தாராளம் கேட்டாங்க.' நான் ஒவ்வொருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்ன பிரயோஜனம்? திட்டுவது என் வழக்கம்தானே என்று எல்லோரும் கலைந்து போனார்கள்.

அதன் பிறகு சீருடைக்கு அளவெடுக்கும்போது அக்கா தாராளம் விடுவதில்லை. ஒட்ட வெட்டினாள். "பிள்ளை வளர்றானே" என்று ஒரு அம்மா இழுத்தபோது, "வேற இடத்துல குடுங்க" என்றாள்.

முதலாளி புதுக் குட்டி வாங்கினார். பால் மறக்காத குட்டி, காது இன்னும் நிமிரவில்லை. நியாயமாக நடந்துகொள்ளவேண்டும் என்று தலைவருக்கு ஆசை. சங்கிலியைக் கையில் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய நீளச் சங்கிலிதான்.

"அம்மா, பின்னாடி பேச்சு வரக்கூடாது பாருங்க. உங்களைக் கேட்டுத்தான் செய்யணும்னு நான் முதலாளிகிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டேன். குட்டியை எப்படிக் கட்டட்டும், சொல்லுங்க."

"கட்டாதீங்கன்னு சொல்லுக்கா!" என்றேன். "சொல்லு! நான் இருக்கேன்!"

சுவருக்கு அந்தப் பக்கம் குட்டி கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அக்கா மெஷினை நிறுத்தினாள். ஜன்னலைப் பார்க்கவில்லை. தலைவர் கையிலிருந்த சங்கிலியைப் பார்த்தாள்.

"குட்டையாவே கட்டுங்கண்ணே" என்றாள்.